கூட்டத்தொடர் முடிந்தது, கணக்கு முடிந்ததா?

(சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்தபின், தொகுதித் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சட்டமன்றம் முடிந்துவிட்டதாமே!" என்று கேட்டபடி எதிர்ப்படுகின்றனர் ஊரார். ஆம், முடிந்துவிட்டது. பேரவைத் தலைவர் எழுந்தார், தேதி குறிப்பிடாமல் அவை ஒத்திவைக்கப்படுகிறது என்றார், நாங்களும் எழுந்தோம். கத்தை கத்தையாகக் கிடந்த கொள்கை விளக்கக் குறிப்புகளைக் கட்டி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினோம்.

சந்தைக்குப் போய் வந்த தந்தையைச் சூழ்ந்துகொண்டு, "என்ன வாங்கி வந்தாய்?" என்று பிள்ளைகள் கேட்பதில்லையா, அதுபோலக் கேட்கிறீர்கள். பாதை வருமா என்கிறார் ஒருவர். பள்ளிக்குக் கட்டடம் உண்டா என்கிறார் இன்னொருவர். அமைச்சரை மடக்கினாயா என்று ஆவலோடு வினவுகிறார் இளைஞர். எத்தனை முறை வெளிநடப்பு என்று விரலை மடக்கியபடி நிற்கிறார் வேறொரு தோழர்.

கேளுங்கள்! கேட்கும் உரிமை உங்களுடையது. சொல்லும் கடமை என்னுடையது. ஆனால் ஒரேயொரு கேள்வியை மட்டும் எவரும் கேட்கக் காணோம். முடிந்தது, முடிந்தது என்கிறோமே, முடிந்தது எது? முடியாமல் நிற்பது எது? இன்று அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒரு சட்டமன்றத்துக்கு மூன்று வகை முடிவு உண்டு. நான் நாடகம் எழுதுகிறவன். ஆகவே எனக்குப் பழகிய மொழியிலேயே சொல்லிவிடுகிறேன். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே திரை விழுகிறது. நடிகர்கள் உள்ளேதான் இருக்கின்றனர், வேடம் கலையவில்லை. இது ஒத்திவைப்பு. பேரவைத் தலைவர் செய்வது. மறுநாளுக்கும் ஒத்திவைக்கலாம், நாளே குறிக்காமலும் ஒத்திவைக்கலாம். அடுத்தது, அன்றைய ஆட்டம் முடிந்து, வேடம் கலைத்து, வீடு திரும்புவது. இது கூட்டத்தொடரை முடித்து வைப்பது. அமைச்சரவை சொல்ல, ஆளுநர் ஆணையிடுவது. மூன்றாவது, கொட்டகையையே பிரித்துவிடுவது! கம்பும் கீற்றும் வண்டியேறிவிடும். இது கலைப்பு. மீண்டும் கொட்டகை எழும்ப வேண்டுமானால், வாக்காளரிடம்தான் வந்து நிற்கவேண்டும்.

இந்த இலக்கணம் நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2023-ஆம் ஆண்டு. பஞ்சாப் சட்டமன்றம் மார்ச்சிலே கூடியது. தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. தொடரை முடித்துவைக்கும் ஆணை வரவில்லை. ஜூன் 19, 20 ஆகிய நாட்களில் பேரவைத் தலைவர் அவையை மறுபடியும் கூட்டினார். நான்கு சட்டமுன்வடிவுகள் நிறைவேறின. ஆளுநருக்கு ஐயம் பிறந்துவிட்டது! அவை கூடியதே முறைதானா என்றார். முன்வடிவுகள் அசையவில்லை. வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பு வந்தது: ஒத்திவைத்த அவையைத் திரும்பக் கூட்டும் உரிமை பேரவைத் தலைவருக்கு உண்டு, அவை கூடியது செல்லுமா என்று ஐயம் கிளப்பி, முன்வடிவுகளை முடக்குவது ஆளுநர் வேலையன்று.

பார்த்தீர்களா! திரை விழுந்ததா, ஆட்டம் முடிந்ததா என்ற சிறு வேறுபாடு. அதிலே சிக்கிக்கொண்டன நான்கு சட்டங்கள். ஆகவேதான் இலக்கணம் நமக்கு வேண்டும்.

மன்னர்களுக்கு எப்போதுமே மன்றத்தின் தொடக்கத்தைவிட முடிவுதான் பிடிக்கும். 1629-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் இங்கிலாந்திலே நடந்ததைக் கேளுங்கள். முதலாம் சார்லஸ் மன்னன், அவையை ஒத்திவை என்று ஆணையனுப்பினான். சபாநாயகர் ஃபின்ச் நாற்காலியைவிட்டு எழ முயன்றார். அவர் எழுந்தால் அவை முடிந்தது! ஹோல்ஸ், வாலண்டைன் எனும் இரு உறுப்பினர்கள் பாய்ந்து சென்று, அவரை அழுத்திப் பிடித்து, நாற்காலியிலேயே உட்கார வைத்தனர். கதவு தாழிடப்பட்டது. பார்லிமெண்டின் ஒப்புதலின்றி வரி தண்டத் துணைநிற்பவனும் பகைவன், அதை விரும்பிக் கட்டுபவனும் பகைவன் என்று முழங்கிவிட்டுத்தான் கலைந்தனர்.

மன்னன் சும்மா இருந்தானா? பதினோராண்டுகள், 1640 வரையில், பார்லிமெண்டைக் கூட்டவே இல்லை. கூட்டாமலே ஆளலாம் என்று எண்ணினான். பின்னர் மூண்டது உள்நாட்டுப் போர். 1649-ஆம் ஆண்டு ஜனவரியிலே அவன் தலை உருண்டது.

அது பழங்கதை, இப்போது எவன் அப்படிச் செய்வான் என்று எண்ணிவிடாதீர்கள். அதே இலண்டனிலே, 2019-ஆம் ஆண்டு, பிரதமர் போரிஸ் ஜான்சன் சொற்படி ஐந்து வாரம் பார்லிமெண்டு மூடிவைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு எப்படி விலகுவது என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம்! செப்டம்பர் 24-ஆம் நாள், அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் பதினொருவரும் ஒரே குரலில், அந்த மூடல் சட்டப்படி செல்லாது என்றனர். மூடியதே செல்லாதென்றால், அவை மூடப்படவே இல்லை என்றல்லவா பொருள்! மறுநாளே அவை கூடிற்று.

இந்த அச்சத்தை நம் அரசியல் சட்டம் வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். 174-ஆம் பிரிவிலே ஒரு வேலி போட்டார்கள்: ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதம் ஆகிவிடக் கூடாது. நல்ல வேலி. ஆனால் வேலிக்குள்ளே பயிர் இருக்கவேண்டுமே! ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும் என்கிறது சட்டம். கூடினால் எத்தனை நாள் உட்காரவேண்டும் என்று அது சொல்லவில்லை.

2002-ஆம் ஆண்டிலே, நீதிபதி வெங்கடாசலையா தலைமையில் அமைந்த அரசியல் சட்ட மறுஆய்வு ஆணையம் சொல்லியது: எழுபதுக்கும் குறைந்த உறுப்பினர்களைக் கொண்ட சட்டமன்றம் ஆண்டிலே 50 நாளேனும், மற்றவை 90 நாளேனும் கூடவேண்டும். நடப்பது என்ன? பி.ஆர்.எஸ். எனும் ஆய்வு அமைப்பு 2023-ஆம் ஆண்டுக்குத் திரட்டிய கணக்குப்படி, மாநிலச் சட்டமன்றங்கள் சராசரியாகக் கூடியது 22 நாள்! தொண்ணூறு எங்கே, இருபத்திரண்டு எங்கே!

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். ஆயினும் இந்தக் கணக்குப் போட அந்தப் படிப்புத் தேவையில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலே 234 இடங்கள். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் அவை நடப்பதாகக் கொள்ளுங்கள். 22 நாளுக்கு 6,600 நிமிடம். எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டால், ஓர் உறுப்பினருக்கு ஆண்டிலே 28 நிமிடம். ஐந்தாண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 140 நிமிடம். நானெழுதும் ஒரு நாடகம் மேடையிலே நடக்கும் நேரம்! அந்த ஒரு நாடகப் பொழுதுக்குள், ஒரு தொகுதியின் குடிநீரும், குளமும், பள்ளியும், மருத்துவமனையும், நெசவாளியின் நூலும், உழவனின் நெல்லும் பேசப்பட்டாக வேண்டும். அமைச்சர்களின் பதிலுரையையும் அதிலேயே கழித்துக்கொள்ள வேண்டும்!

நேரம் குறையக் குறைய, வேகம் கூடுகிறது. எதிலே கூடுகிறது? சட்டம் இயற்றுவதிலே! அதே 2023-ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றங்கள் நிறைவேற்றிய முன்வடிவுகளிலே, நூற்றுக்கு 44 பங்கு, அறிமுகமான அன்றோ அல்லது மறுநாளோ நிறைவேறியவை. காலையிலே கையிலே கொடுப்பார்கள். மாலையிலே கையைத் தூக்கச் சொல்வார்கள். நடுவே படிக்கவேண்டுமே? படித்தால்தானே ஐயம் வரும், ஐயம் வந்தால்தானே கேள்வி வரும்! தொடரின் கடைசி நாளிலே இந்த வேகத்தைக் காணவேண்டும். ஆம் என்போர், இல்லை என்போர், நிறைவேறியது. ஆம் என்போர், இல்லை என்போர், நிறைவேறியது. சாவடியிலே சீட்டுக் கிழிப்பவர்கூடச் சில்லறையை எண்ணிப் பார்க்கிறார். நாங்கள் சட்டத்தின் பக்கங்களை எண்ணிப் பார்க்கவும் நேரமில்லை.

மாநிலங்கள் மட்டுமா இப்படி? 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள், நாடாளுமன்ற மக்களவையிலே ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்க்கான செலவுகள், அமளிக்கிடையே, விவாதமேயின்றி நிறைவேறின. விவாதம் எட்டாத மானியக் கோரிக்கைகளை ஒட்டுமொத்தமாக நிறைவேற்றும் அந்த முறைக்கு என்ன பெயர் தெரியுமா? கில்லட்டின்! பிரெஞ்சுப் புரட்சியிலே தலைகளைத் துண்டித்த எந்திரத்தின் பெயர். பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை, தோழர்களே. அங்கே விழுந்தது மன்னன் தலை; இங்கே வெட்டுப்படுவது மக்களின் கேள்வி.

இதை நான் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரித்துப் பேசவில்லை. எந்தக் கட்சி ஆளும்போதும் இது தவறு. நம் கட்சி ஆட்சிப் பொறுப்பிலே அமரும்போதும் தவறுதான். வீட்டுக்கு ஒரு நீதி, வீதிக்கு ஒரு நீதி என்றிருந்தால், நம் பேச்சுக்கு எங்கே மதிப்பு?

சரி, அவை நிறைவேற்றிவிட்டது, அத்தோடு முடிந்ததா? இல்லை. முன்வடிவு ஆளுநர் மாளிகைக்குப் போகவேண்டும். கோட்டையிலிருந்து கிண்டி எவ்வளவு தொலைவு? ஒரு மணி நேரத்திலே போய்விடலாம். ஆனால் சில முன்வடிவுகளுக்கு அது ஆண்டுக்கணக்கான பயணம்!

ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின் கதையைக் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் தொடக்கத்திலே அது அவசரச் சட்டமாக வந்தது. ஆளுநர் ஒப்பமிட்டார். அவசரச் சட்டத்துக்கு ஆயுள் குறைவு; அவை கூடிய நாளிலிருந்து ஆறு வாரம்தான். ஆகவே அக்டோபர் 19-ஆம் நாள் சட்டமன்றம் முன்வடிவை நிறைவேற்றி அனுப்பிற்று. ஒப்பம் வரவில்லை. நவம்பர் இறுதியிலே அவசரச் சட்டம் மாண்டது. மார்ச்சிலே முன்வடிவு திரும்பி வந்தது. மார்ச்சு 23-ஆம் நாள் அவை மீண்டும் நிறைவேற்றிற்று. 2023 ஏப்ரல் 10-ஆம் நாள் ஒப்பம் கிடைத்தது. முதல் நிறைவேற்றத்துக்கும் ஒப்பத்துக்கும் இடையே 173 நாள்! பின்னர் அவ்வாண்டு நவம்பரிலே, ரம்மி, போக்கர் ஆட்டங்களைத் தடுத்த பகுதி செல்லாதென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நீதிமன்றத்தின் உரிமை. காரணம் காட்டித் தீர்ப்பெழுதுவோரிடம் நமக்குக் கருத்து மாறுபாடு இருக்கலாம், கசப்பு இல்லை. காரணமே காட்டாத மௌனத்தோடுதான் வழக்கு.

அந்த வழக்கும் நடந்தது. 2023 நவம்பரிலே பத்து முன்வடிவுகளை, ஒப்புதல் நிறுத்திவைக்கப்பட்டதென்று ஆளுநர் திருப்பினார். அவற்றிலே இரண்டு, முந்தைய ஆட்சியிலே, 2020-இலே நிறைவேறியவை! ஆட்சியே மாறிவிட்டது, முன்வடிவு மட்டும் அசையவில்லை. நவம்பர் 18-ஆம் நாள், சிறப்பு அமர்வு கூடிப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது மன்றம். ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், அது முறையன்று என்று கூறி, பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றனர். காலவரம்பும் வகுத்தனர்.

மகிழ்ந்தோம். ஆனால் அதோடும் முடியவில்லை. குடியரசுத் தலைவர் கேட்ட வினாக்களுக்கு விடையாக, அதே ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கருத்துரைத்தது: நீதிமன்றம் காலவரம்பு விதிக்க இயலாது, ஒப்புதல் பெற்றதாகக் கொள்வது என்ற முறையும் கிடையாது. ஆனால் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கும் உரிமை ஆளுநருக்கு இல்லை. காரணமின்றி நெடுங்காலம் வாளாவிருந்தால், முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் பணிக்கலாம்.

அரசியல் சட்டத்தின் 200-ஆம் பிரிவு, திருப்பி அனுப்புவதானால் 'இயன்ற விரைவில்' அனுப்பவேண்டும் என்கிறது. இயன்ற விரைவு! கிழவி தள்ளாடி நடந்தாலும் அது அவளுக்கு இயன்ற விரைவுதான். இயன்றும் நடக்காதவரை என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் பாதி விடை தந்திருக்கிறது. மீதி விடையை, அரசியல் சட்டத்தைத் திருத்தும் வலிமை பெற்ற மக்கள் கருத்துத்தான் தரவேண்டும்.

மனம் சோர்ந்துவிடாதீர்கள். அவை முடிந்தாலும் அது ஈன்ற சட்டம் முடிவதில்லை என்பதற்குக் கேரளம் சான்று. இ.எம்.எஸ். அமைச்சரவை, நிலச்சீர்திருத்த முன்வடிவை 1959 ஜூனிலே நிறைவேற்றிற்று. ஜூலை 31-ஆம் நாள் அமைச்சரவை வீழ்த்தப்பட்டது, சட்டமன்றமும் கலைக்கப்பட்டது. கொட்டகையே பிரிக்கப்பட்டுவிட்டது! தாய் இறந்தபின் பிள்ளை பிழைக்குமா? பிழைத்தது. அடுத்து வந்த மன்றம், குடியரசுத் தலைவர் திருப்பியனுப்பிய அந்த முன்வடிவை 1960-இலே திருத்தத்தோடு நிறைவேற்றிற்று. 1961 ஜனவரியிலே அது சட்டமாயிற்று. அவைக்குள்ளே நிலுவையாக இருப்பதுதான் அவையோடு மடியும். அவை நிறைவேற்றி, ஒப்புதலுக்குக் காத்திருப்பது மடியாது என்று உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது.

நிறைவேறியது மட்டுமா வாழ்கிறது? தோற்றதும் வாழ்கிறது! தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரிய தீர்மானம் 1957-இலே இந்த மன்றத்திலே தோற்றது. அன்றும் ஒரு கூட்டத்தொடர் முடிந்தது. கேட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பத்தாண்டு கழித்து, 1967 ஜூலை 18-ஆம் நாள், அதே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 1969 ஜனவரி 14-ஆம் நாள் பெயர் நடைமுறைக்கு வந்தது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்க, சென்னைச் சட்டமன்றத்திலே தீர்மானம் கொண்டுவந்தது 1927-இலே. முழுத்தடைச் சட்டம் வந்தது 1947-இலே. நடுவே இருபது ஆண்டுகள்! எத்தனை கூட்டத்தொடர்கள் முடிந்திருக்கும்! முடிந்தது என்று அவர்கள் ஓய்ந்திருந்தால்?

ஆகவே தோழர்களே, உங்களிடம் வேண்டுவது மூன்று.

முதலாவது, வெளிநடப்பின் எண்ணிக்கையைக் கொண்டு எங்களை எடை போடாதீர்கள். வெளிநடப்பு ஓர் ஆயுதம். எடுத்ததற்கெல்லாம் வீசினால் முனை மழுங்கும். உள்ளே இருந்த நாளிலே என்ன செய்தோம் என்று கேளுங்கள். எத்தனை வினா எழுப்பினாய்? எந்த மானியத்துக்கு வெட்டுத் தீர்மானம் கொடுத்தாய்? ஆயிரம் கோடி கேட்கும் துறையிலே நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்வது கஞ்சத்தனம் அல்ல. அத்துறையின் குறையை அவைக் குறிப்பிலே ஏற்றும் வழி அது.

இரண்டாவது, அமைச்சர் எழுந்து, 'ஆவன செய்யப்படும்', 'பரிசீலிக்கப்படும்' என்று சொல்லும்போது கைதட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். அந்தச் சொல்லைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுக் கணக்குக் குழு இருக்கிறது, மதிப்பீட்டுக் குழு இருக்கிறது, மனுக்கள் குழு இருக்கிறது. மன்றம் கூடாத நாளிலும் குழுக்கள் கூடுகின்றன. மனு எழுதுங்கள். எந்த நாளிலே எந்த அமைச்சர் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு கிளையிலும் ஓர் ஏட்டிலே குறித்து வையுங்கள். கிளைக்கழகப் படிப்பகத்திலே திரைப்படச் செய்தி ஒட்டும் பலகையிலே, அந்தக் குறிப்புக்கும் ஒரு சாண் இடம் கொடுங்கள்.

மூன்றாவது, மன்றம் நூறு நாளேனும் கூடவேண்டும் என்று நம் கூட்டங்களிலே தீர்மானம் போடுங்கள். பேச நேரம் கொடு என்று நாங்கள் கேட்டால், உறுப்பினரின் ஆசை என்பார்கள். நீங்கள் கேட்டால் அது ஊரின் ஆணை.

இங்கே அமர்ந்திருக்கும் அம்மையார் கேட்ட குடிநீர்க் குழாய்க்கு இத்தொடரிலே விடை கிடைக்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன்: வினா கொடுத்தேன், முறை வரவில்லை, அதற்குள் அவை ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. அடுத்த தொடருக்கு அதே வினாவை மீண்டும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன், மனுக்கள் குழுவுக்கு அனுப்பவேண்டிய தாள் இதோ இருக்கிறது. தெருவிலே உள்ள ஒவ்வொரு வீட்டாரும் கையொப்பமிட வேண்டும். கூட்டம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறது. அம்மையாரே, முதல் கையொப்பம் உங்களுடையதாக இருக்கட்டும்!